உப்பும் நெல்லும் முதலில், காசு பிறகு: சிறுவருக்குக் கொடுக்கல் வாங்கலைக் கதையால் சொல்லிக்கொடுக்கும் முறை

என் பேரனுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது, நூறு ரூபாத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, ஒழுங்கை முகப்பிலுள்ள கடையில் நெருப்புப்பெட்டி ஒன்று வாங்கிவரும்படி அனுப்பினேன். போன வேகத்திலேயே திரும்பி ஓடிவந்தவன், ஒரு கையில் நெருப்புப்பெட்டியையும் மறு கையில் ஐந்து நாணயங்களையும் விரித்துக் காட்டி, “அம்மம்மா, நான் ஒண்டுதான் குடுத்தனான்; கடைக்கார மாமா அஞ்சு காசும் தந்து நெருப்புப்பெட்டியும் தந்தவர். இன்னொருக்காப் போகட்டோ?” என்று கேட்டான். கடைக்காரருக்குக் கணக்குத் தெரியாது என்பதே அவனுடைய முடிவாக இருந்தது.

அந்த வயதுப் பிள்ளைக்குக் காசு என்பது எண்ணப்படும் ஒரு பொருள் மட்டுமே. ஒரு தாளுக்குள் பல நாணயங்களின் மதிப்பு அடங்கியிருக்கிறது என்பது அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. நூறு பெரிது, இருபது சிறிது என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் அது பாடமாகுமே தவிர விளங்கிக்கொண்டதாக ஆகாது. ஏன் மனிதர் ஒரு தாளைக் கொடுத்துச் சோறு வாங்கினார்கள், அதை வாங்கியவர் ஏன் சம்மதித்தார் என்ற கேள்வி பிள்ளையின் மனத்தில் முதலில் எழவேண்டும். அந்தக் கேள்வியை எழுப்புவதற்குக் கதையைவிட எளிதான வழியை நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் நான்கு வயது தொடக்கம் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகியதிலிருந்து, பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியர்களும் வீட்டிலோ வகுப்பிலோ செய்துபார்க்கக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் இரண்டு விடயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கதையில் ஒரு நேரத்தில் ஒரு சிக்கல்தான் வரவேண்டும். அந்தச் சிக்கல் வந்தவுடன் கதையை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் பேசும் வரை நீங்கள் வாய்திறக்காமல் இருக்க வேண்டும். இரண்டாவது, காசை அவசரப்பட்டுக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது. காசில்லாமல் படும் பாட்டைப் பிள்ளை கதைக்குள் நன்றாகப் பட்டுமுடித்த பிறகு வரும் காசுதான் அதற்குக் காசாகத் தெரியும்.

உப்புக்காரியின் கதை

இதற்கு ஒரு பனையோலைக் கடகம், ஒரு கொத்துக் கல்லுப்பு, கொஞ்சம் நெல், இரண்டு மாம்பழம், ஒரு மண்சட்டி, அளப்பதற்கு ஒரு சிரட்டை ஆகியவை போதும். படம் காட்டிச் சொல்வதைவிட உண்மையான பொருட்களை நடுவில் பரப்பிவைத்துச் சொல்வது நல்லது. உப்பைத் தொட்டு நக்கிப் பார்க்காத பிள்ளை ஒன்றையும் நான் இன்னும் சந்திக்கவில்லை, அதைத் தடுக்கவும் வேண்டாம்.

கதையின் இடத்தை முதலில் சொல்லுங்கள். ஆனையிறவுப் பக்கத்தில் நிலம் தட்டையாகவும் உவராகவும் இருக்கிறது. அங்கே பாத்திகளில் தேங்கும் கடல்நீர் வெயிலில் வற்ற, அடியில் உப்பு மிஞ்சுகிறது. உவர்நிலத்தில் நெல் விளையாது. தெற்கே வன்னியில் குளத்து நீர் பாயும் வயல்களில் நெல் விளைகிறது, ஆனால் அங்கே உப்பு விளைவதில்லை. உப்பை மட்டும் தின்று வயிறு நிரம்பாது, உப்பில்லாமல் சோறும் இறங்காது. ஆகவே உப்புக்காரி ஒருத்தி கடகம் நிறைய உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வயல் ஊருக்குப் புறப்படுகிறாள். அவளுக்கு வேண்டியது நெல். (சங்கப் பாடல்களில் வரும் உமணப் பெண்ணும் “நெல்லும் உப்பும் நேர்” என்று தெருத்தெருவாகக் கூவித்தான் உப்பு விற்கிறாள், பெரிய பிள்ளைகள் இருந்தால் இதையும் சொல்லலாம்.)

முதல் வீட்டில் நெல் இருக்கிறது, உப்பு இல்லை. இங்கே சிக்கல் எதுவும் வைக்காமல், ஒரு சிரட்டை உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கும் காட்சியை இரண்டு பிள்ளைகளைக் கொண்டு நடிக்கச் செய்யுங்கள். எத்தனை சிரட்டை நெல் என்பதை அவர்களே பேசித் தீர்க்கட்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றுக்கு ஒன்று என்றே முடிவுக்கு வருவார்கள். அப்போது, “மழை பெய்து இந்த வருசம் உப்பே விளையேல்லை, இந்த ஊருக்கு வந்த உப்பு இது மட்டுந்தான்” என்று சொல்லிப் பாருங்கள். உப்புக்காரியாக நடிக்கும் பிள்ளை சிரட்டையைக் கையால் மூடிக்கொள்ளும். அரிதானதற்கு விலை கூடும் என்று நீங்கள் விளக்கவேண்டிய தேவை அந்தக் கையோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது வீட்டில் நெல் இல்லை, ஒரு ஆடு மட்டும் நிற்கிறது. வீட்டுக்காரருக்கு ஒரு பிடி உப்புப் போதும். ஒரு பிடி உப்புக்கு ஒரு முழு ஆட்டைக் கொடுக்க முடியாது, ஆட்டின் காலை மட்டும் வெட்டிக் கொடுக்கவும் முடியாது. இங்கே கதையை நிறுத்துங்கள். எங்கள் நிலையத்தில் ஒரு சிறுமி, ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன், ஆடு குட்டி போட்ட பிறகு ஒரு குட்டியைத் தரட்டும், அதுவரைக்கும் அடுத்த அடுத்த முறையும் உப்பைக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றான். கடன் என்ற சொல்லை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, தானே கண்டுபிடித்தான். பெரியவர்கள் இந்த இடத்தில் குறுக்கிட்டுச் சரியான விடையைச் சொல்லிவிட்டால் இவையெல்லாம் வெளிவரா.

மூன்றாவது வீட்டு முற்றத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்துக் கொட்டுகிறது. எத்தனை பழம் வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். உப்புக்காரி வீடு போய்ச்சேர மூன்று நாளாகும். முதலில் மகிழ்ச்சியோடு நாற்பது பழம் எடுக்கச் சொல்லும் பிள்ளைகள், இரண்டாம் நாள் கடகத்துக்குள்ளிருந்து வரும் மணத்தைப் பற்றிச் சொன்னவுடன் யோசிக்கத் தொடங்குவார்கள். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டாக்குவதையும், கிழங்கை ஒடியலாக்குவதையும், மீனைக் கருவாடாக்குவதையும் இங்கே இணைத்துச் சொல்லலாம். எங்கள் ஊர்ச் சமையலில் பாதி, பழுதாகாமல் வைத்திருந்து பிறகு தின்னவோ விற்கவோ செய்த ஏற்பாடுதான் என்பது பெரியவர்களுக்கே சில வேளை அப்போதுதான் உறைக்கிறது.

நான்காவது வீடு சட்டிபானை வனைபவருடையது. உப்புக்காரிக்குச் சட்டி வேண்டாம். ஆனால் முதல் வீட்டு நெல்லுக்காரரின் சட்டி அன்று காலைதான் உடைந்தது என்பதை, முதல் வீட்டுக் காட்சியிலேயே பேச்சோடு பேச்சாக நீங்கள் சொல்லிவைத்திருக்க வேண்டும். அதை நினைவில் வைத்திருந்த பிள்ளை துள்ளி எழும்பும்: சட்டியை வாங்கி, திரும்பிப் போய் நெல்லுக்காரரிடம் கொடுத்து, நெல் வாங்கலாம். உப்பு சட்டியாகிறது, சட்டி நெல்லாகிறது. இந்தக் கண்டுபிடிப்பைத் தாராளமாகப் பாராட்டிவிட்டு, நெல்லுக்காரர் வீட்டில் இல்லாவிட்டால் என்ன செய்வது, சட்டி வழியில் உடைந்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டுவிட்டு அன்றைய கதையை முடித்துவிடுங்கள். காசு இன்னும் வரவில்லை. வரவும் கூடாது.

வேலிக்கு மேலால் போகும் கறி

ஒரு காலத்தில் எல்லோரும் பண்டமாற்றுச் செய்தார்கள், அது சிரமமாக இருந்தபடியால் பணத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது பாடப்புத்தகங்களின் பழக்கம். ஆனால் ஒரே ஊருக்குள் அயலவர்கள் தமக்குள் எல்லாவற்றையும் கைக்குக் கை மாற்றி வாழ்ந்த சமூகம் ஒன்றை மானிடவியலாளர்கள் எங்குமே கண்டு எழுதியதில்லை. தெரியாத ஊராரோடும் தூரத்து ஊராரோடும்தான் பண்டமாற்று நடந்தது. அயலுக்குள் நடந்தது வேறொன்று. அதைப் பிள்ளை தன் வீட்டிலேயே பார்க்கிறது என்பதால் சொல்வதும் எளிது.

பக்கத்து வீட்டு மாமி வேலிப்பொட்டுக்குள்ளால் ஒரு கிண்ணத்தில் முருங்கைக்காய்க் கறி தருகிறார். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அன்றைக்கே கொடுப்பதுமில்லை, இரண்டு நாள் கழித்து நாலு தோசையோ ஒரு சீப்பு வாழைப்பழமோ அந்தக் கிண்ணத்தில் போகிறது. கறிக்கு எத்தனை தோசை என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, ஆனால் கிண்ணம் வெறுமையாகவே போய்க்கொண்டிருந்தால் மாமியின் முகம் மாறும். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, உப்புக்காரி கறியைத் தந்திருந்தால் இரண்டு நாள் பொறுத்திருப்பாளா என்று கேளுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், அவள் போய்விடுவாள், மாமி இங்கேதான் இருப்பா என்று சரியாகவே சொல்வார்கள். தெரிந்தவரோடு பிறகு திருப்பித் தரும் கைமாற்று, தெரியாதவரோடு உடனுக்குடன் என்ற வேறுபாடு இவ்வளவுதான். இதை நீட்ட வேண்டியதில்லை.

புளியங்கொட்டை காசான நாள்

இப்போது காசைக் கொண்டுவரலாம், ஆனால் உண்மையான காசை அல்ல. உப்புக்காரி அடுத்த முறை ஊருக்கு வரும்போது, ஊரார் எல்லோரும் கூடி, இனிமேல் எதற்கும் புளியங்கொட்டையைக் கொடுக்கலாம், எல்லோரும் அதை ஏற்றுக்கொள்வோம் என்று பேசி முடிவெடுக்கிறார்கள் என்று கதையைத் தொடருங்கள். இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில், மாலைதீவிலிருந்து வந்த சோகிகள், அதாவது சிறு கடற்சோழிகள், நீண்ட காலம் இப்படிப் பணமாகப் புழங்கின. சோகி கிடைத்தால் அதையே வைத்து விளையாடுங்கள். கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை எந்தக் குசினியிலும் இருக்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துக் கொட்டை கொடுத்து, வாழைப்பழம், கச்சான், பென்சில், இலந்தைப்பழம் போன்றவற்றை வைத்து ஒரு சிறிய சந்தை போடச் சொல்லுங்கள். ஆட்டுக்காரரின் சிக்கல் எப்படித் தீர்ந்தது, மாம்பழக்காரரின் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்று நடுவில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கொட்டை பழுதாகாது, பிடிபிடியாகப் பிரிக்கலாம், சட்டி வேண்டாதவளும் அதை வாங்குவாள் என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே வரும்.

எங்கள் நிலையத்தில் முதல் வாரம் இரண்டு கொட்டைக்கு ஒரு வாழைப்பழம் என்று விலை நின்றது. அடுத்த சனிக்கிழமை ஒருவன் காற்சட்டைப் பைகள் இரண்டும் பிதுங்கப் பிதுங்கப் புளியங்கொட்டையோடு வந்து சேர்ந்தான். அவர்கள் வீட்டு வளவில் புளியமரம் நிற்கிறது. பத்து நிமிடத்துக்குள் சந்தையிலிருந்த பழங்களில் பெரும்பாலானவை அவன் மடியில். இருபது நிமிடத்துக்குள் மற்றவர்கள் கடைசிப் பழத்துக்குப் பதினைந்து கொட்டை கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் கொட்டைக்கு இனி எதுவும் விற்பதில்லை என்று ஒரு சிறுமி தன் கச்சானைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றபோது வளர்ந்தவர்களாகிய நாங்கள் வரிசையில் நின்று கேட்ட கேள்விகளை, அந்தப் பிள்ளைகள் ஒரு புளியமரத்தை வைத்துக் கேட்டுவிட்டார்கள். நாட்டின் நெருக்கடிக்குக் காரணங்கள் பல; எல்லாவற்றையும் புளியங்கொட்டையில் அடக்க முடியாது. ஆயினும் காசு கூடி, பொருள் அவ்வளவே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளையாட்டு எனக்குத் தெரியாது.

இதை எப்படித் தடுக்கலாம் என்று கேட்டபோது, அதே கச்சான் சிறுமி, “நீங்கள் கொட்டையில கையெழுத்துப் போட்டுத் தாங்கோ ரீச்சர், கையெழுத்தில்லாததை வாங்க மாட்டம்” என்றாள். அரசர்கள் காசில் முத்திரை பொறித்த கதைக்குள் நுழைவதற்கு இதுதான் வாசல். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளில் நந்தியின் உருவமும் ‘சேது’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. 1619 இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றும்வரை இங்கே ஓர் அரசு இருந்தது என்பதற்கு அவை கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி. கந்தரோடையில் அதைவிடப் பன்மடங்கு பழைய முத்திரை குத்தப்பட்ட காசுகளும் உரோமரின் காசுகளும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. உரோமாபுரிக் காசு சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஏன் கிடந்தது என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள். பிள்ளைகளே கப்பல் ஓட்டத் தொடங்கிவிடுவார்கள்.

பிறகு இன்றைய காசுக்கு வாருங்கள். இலங்கையில் ரூபாவும் சதமும் 1872 இல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் ஒரு காலத்தில் இறைசால், பணம் என்ற நாணயங்களில் எண்ணினார்கள். மத்திய வங்கி 1950 இல் தொடங்கியது. சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுகள் தேவையில்லை, செய்வதற்கு வேலை தேவை. நாணயத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தால் முத்திரை தாளில் எழும்பிவரும். ஒரு ரூபாவிலிருந்து இருபது ரூபா வரை தேய்த்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் செய்யுங்கள். தாள்களை விரித்து, தமிழில் எழுதியிருப்பதைத் தேடச் சொல்லுங்கள். 2010 ஆம் ஆண்டுத் தொடரில் ஒவ்வொரு தாளிலும் ஒரு பறவையும் ஒரு வண்ணத்துப்பூச்சியும் இருக்கின்றன. எங்கள் பேரன் ஐந்நூறு ரூபாத் தாளைக் கிளித்தாள் என்றே இன்றும் சொல்கிறான். எதில் எந்தப் பறவை என்று தெரிந்த பிறகு அவன் ஒரு தாளை இன்னொரு தாளாக எண்ணி மாறியதில்லை.

வடைப்பாட்டியின் கணக்கு

தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த முதல் வியாபாரி, காகத்திடம் வடையைப் பறிகொடுத்த பாட்டிதான். ஆனால் அந்தக் கதையை நாங்கள் எப்போதும் காகத்தின் பக்கத்திலிருந்தும் நரியின் பக்கத்திலிருந்தும் மட்டுமே சொல்லிவருகிறோம். அந்த வடைக்குப் பாட்டி என்ன செலவழித்தாள் என்று யாரும் கேட்பதில்லை. (அது பருத்தித்துறைத் தட்டைவடையாக இருந்திருந்தால் காகத்தின் அலகிலேயே நொறுங்கியிருக்கும், நரிக்கும் வேலை இருந்திராது. அது வேறு விடயம்.)

மீண்டும் புளியங்கொட்டைகளை எடுங்கள். பாட்டி உளுந்துக்கு ஆறு கொட்டை, எண்ணெய்க்கு மூன்று, விறகுக்கு ஒன்று என்று பத்துக் கொட்டை கொடுத்துச் சாமான் வாங்குகிறாள். பன்னிரண்டு வடை சுடுகிறாள். ஒரு வடை ஒரு கொட்டை. எல்லாம் விற்றால் கையில் பன்னிரண்டு. நாளைக்குச் சாமான் வாங்கப் பத்தை எடுத்து வைத்தால் மிச்சம் இரண்டு. இதைச் சொல்லாமல், கொட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பிள்ளைகளையே செய்யவையுங்கள். மிச்சமான இரண்டையும் தனியே ஒரு சிரட்டையில் போடச் சொல்லுங்கள். அதுதான் பாட்டியின் இலாபம் என்று அப்போது சொன்னால் போதும்.

இப்போது காகம் வருகிறது. ஒரு வடை போய்விட்டது. சிரட்டையில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் அதுவரை பன்னிரண்டில் ஒன்று போனதை ஒரு பொருட்டாக நினைத்திருக்கமாட்டார்கள். பாட்டியின் இலாபத்தில் பாதி போய்விட்டது என்று கண்ணால் கண்டவுடன் வரும் கோபத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மூன்று காகம் வந்தால் என்னவாகும் என்று கேளுங்கள். ஒன்பது வடைதான் விற்கும், நாளைக்குச் சாமான் வாங்க ஒரு கொட்டை குறையும், கடன்தான் வாங்க வேண்டும். விலையைக் கூட்டலாம் என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். எதிர்ப்பக்கம் இன்னொரு பாட்டி ஒரு கொட்டைக்கு விற்கிறாளே என்று சொல்லிவிட்டு மறுபடியும் அமைதியாக இருங்கள். பாட்டி காலை முழுக்க அடுப்பில் வெந்ததற்குக் கூலி எங்கே என்று எட்டு வயதுப் பிள்ளை ஒன்று கேட்டால், அன்றைய வகுப்பை அந்தக் கேள்வியோடு முடித்துக்கொள்ளலாம். எங்களிடம் அப்படிக் கேட்டவள், தாயார் வீட்டிலிருந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு பிள்ளை.

வாலை இழந்து கத்தி வாங்கி, கத்தியைக் கொடுத்து விறகு வாங்கி, கடைசியில் மேளம் வாங்கும் குரங்கின் கதையும் பண்டமாற்றுக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் குரங்கு பல இடங்களில் அழுது அடம்பிடித்து, மிரட்டித்தான் பொருளை வாங்குகிறது. அதைச் சொல்வதானால், எந்த இடத்தில் இருவரும் சம்மதித்து மாற்றினார்கள், எந்த இடத்தில் குரங்கு பறித்தது என்று பிரித்துக் காட்டச் சொல்வதற்காகச் சொல்லுங்கள்.

நயினாதீவில் ஒரு கப்பல்

ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் தூரத்து வணிகத்தை விளங்கிக்கொள்வார்கள். இதற்கு யாழ்ப்பாணத்தாரிடம் வேறு எவரிடமும் இல்லாத கதை ஒன்று உண்டு. குறிகட்டுவானிலிருந்து படகில் போய் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலைக் கும்பிட்டு வராத குடும்பங்கள் இங்கே குறைவு. அந்தக் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்டவன். வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதன்பின், ஆனையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒன்றை அரசனின் பண்டாரத்துக்கு எடுத்துக்கொண்டு மூன்று கூறை உடையவனுக்கு விடவேண்டும் என்றும், சரக்குக் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் செம்பாகம், அதாவது சரிபாதி, பண்டாரத்துக்கும் செம்பாகம் உடையவனுக்கும் என்றும் விதிக்கிறது.

ஒரு தட்டில் எட்டுக் கச்சானை வையுங்கள், அவை குதிரைகள். கப்பல் பாரில் மோதி உடைந்துவிட்டது, குதிரைகள் கரைக்கு நீந்தி வந்துவிட்டன. அரசனுக்கு எத்தனை, வணிகனுக்கு எத்தனை? இரண்டும் ஆறும் என்று பிரித்த பிறகு, அதே எட்டையும் சரக்குமூட்டைகள் என்று வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், நாலும் நாலும். குதிரைக்காரனிடம் ஏன் குறைவாக எடுத்தான் என்பதுதான் கதையின் முடிச்சு. அரசனுக்குப் போருக்கு ஆனையும் குதிரையும் வேண்டும், அவற்றைக் கொண்டுவருபவன் ஒருமுறை நட்டப்பட்டு அடுத்த முறை வராமல் போய்விடக் கூடாது என்பதே காரணம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். கப்பல் உடைந்தவனிடம் அரசன் பங்கு கேட்பதே அநியாயம் என்று வாதாடும் பிள்ளையும் இருக்கும். அந்தப் பிள்ளையோடு வாதாட வேண்டாம். கூட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்தை அரசனுக்காகவும் மறுபக்கத்தை வணிகனுக்காகவும் பேசவையுங்கள். பேசிமுடித்த பிறகு குதிரைகளைத் தின்னலாம்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்ததையும், யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானதையும் இதனோடு தொடர்ந்து சொல்லலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கப்பல் போதும்.

சந்தைக்குப் போகும்போது

கதைகள் நான்கைந்து முடிந்த பிறகு பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிச்செல்லுங்கள். திருநெல்வேலியோ சுன்னாகமோ கொடிகாமமோ, உங்களுக்குப் பழக்கமான சந்தையாக இருப்பது நல்லது. தெரிந்த வியாபாரி என்றால் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாக மறுமொழி சொல்வார். வெய்யில் ஏறுமுன் போங்கள். பிள்ளையிடம் ஒரே ஒரு தாளையும் ஒரே ஒரு வேலையையும் கொடுங்கள்: நூறு ரூபாவுக்குள் ஏதாவது ஒரு கீரை. விலை கேட்பது, இன்னொரு இடத்தில் கேட்பது, கொடுப்பது, மிச்சக் காசை எண்ணி வாங்குவது எல்லாவற்றையும் அதுவே செய்ய வேண்டும். நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். கீரை விற்கும் ஆச்சியிடம் ஐந்து ரூபா குறைக்கச் சொல்லிப் பிள்ளையை ஏவிவிட வேண்டாம். பேரம் பேசுவது ஒரு கலை என்பதில் ஐயமில்லை, ஆனால் வடைப்பாட்டியின் சிரட்டையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, அந்த ஐந்து ரூபா எங்கிருந்து குறைகிறது என்று கேட்கும். அதற்கு மறுமொழி உங்களிடம் இருக்க வேண்டும்.

இந்த முறையில் நான் முன்கூட்டி யோசிக்காமல் விட்ட தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். உப்புக்காரியின் கதை சொன்ன மறுவாரம், ஒரு தாயார் கோபத்தோடு வந்தார். அவருடைய மகன் புதுத் தண்ணீர்ப் போத்தலை இரண்டு ஒட்டுப்படங்களுக்கு மாற்றிவிட்டான். மற்றப் பிள்ளையோ மாற்றியது மாற்றியதுதான், இருவரும் சம்மதித்தோம் என்று நின்றது. நான் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பெரியவர்கள் வாங்கித் தந்த பொருளைப் பெரியவர்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது, இன்னொருவருடையதை மாற்றக் கூடாது, சாப்பாட்டை மாற்றக் கூடாது என்ற மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போத்தல் திரும்பி வந்தது, ஒட்டுப்படங்கள் ஏற்கெனவே கொப்பியில் ஒட்டியாகிவிட்டிருந்தன.

இன்னொன்று, எங்கள் பிள்ளைகளுக்கே உரியது. இங்கே பல வீடுகளில் காசு கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருகிறது. கைபேசியில் மாமாவோடு கதைத்த பிறகு அம்மா வங்கிக்குப் போய்க் காசோடு வருவதைப் பார்க்கும் பிள்ளை, காசு கைபேசிக்குள்ளிருந்து விளைகிறது என்றே நினைக்கும். மாமா விடியற்காலையில் பனிக்குள் வேலைக்குப் போவதையும், அந்த வேலைக்குக் கிடைத்ததில் ஒரு பங்கைத்தான் அனுப்புகிறார் என்பதையும் மாமாவே கதையாகச் சொல்லட்டும். ஐந்து நிமிட அழைப்புப் போதும். அங்கத்தைய ஒரு டொலர் இங்கே ஏன் இத்தனை ரூபாவாகிறது என்று கேட்டால், கொத்தையும் சுண்டையும் எடுத்துக் காட்டுங்கள். ஒரு கொத்து அரிசி நாலு சுண்டாகிறது, அரிசி கூடவில்லை, அளக்கும் பாத்திரம்தான் மாறியது. முழு விளக்கம் அதுவல்ல, எட்டு வயது வரைக்கும் அது தாங்கும். பெற்றோரின் சம்பளம், யார் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பவற்றைக் கூட்டத்தில் பேச்சில் வரவிடாதீர்கள். வெளிநாட்டில் யாரும் இல்லாத பிள்ளையும் அதே பாயில்தான் இருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டில் பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துத் தரும் கைவிசேடம்தான் பெரும்பாலான பிள்ளைகளின் கையில் முதன்முதல் தன்னுடையது என்று வந்துசேரும் காசு. ‘அம்மாட்டத் தா, வச்சுத் தாறன்’ என்று வாங்கி, மறுவாரம் மரக்கறிக்குச் செலவழித்துவிடுவது எங்கள் வீடுகளில் வழமை. நானும் செய்திருக்கிறேன். அதைச் சேமிப்பு முட்டியில் போடவிடுவது நல்லது. எடுக்கவேண்டி வந்தால், கேட்டு எடுத்து, எடுத்த நாளையும் தொகையையும் ஒரு கொப்பியில் பிள்ளையின் கண்முன்னே எழுதி, அந்தக் கொப்பியைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். எங்கள் பேரனுக்கு இப்போது எட்டு வயது. அவனுடைய கொப்பியில் என் பெயருக்கு நேரே 340 ரூபா நிற்கிறது. போன கிழமை அதன் கீழே, ‘அம்மம்மா ஒரு குட்டி தரலாம்’ என்று பென்சிலால் எழுதியிருந்தான். எங்கள் வீட்டு ஆடு சினையாக இருப்பது அவனுக்குத் தெரியும்.